வடிவின் இடது கன்னம்

சண்முகவடிவுக்கு நரிப்பாறைத் தோட்டத்தில் ஆகாதவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேரை அவளே தேடிக்கொண்டாள். பீலிக்கரையில் வரிசையைத் தாண்டிக் குடம் வைத்தவள், தேயிலை மலையில் அவள் நிரைக்குள் புகுந்து கொழுந்து எடுத்தவள், பெண்களை அதட்டுகிற மூக்கன் கங்காணி எல்லோருமே அவள் வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள். "அவளுக்கு இருக்கிறது நாக்கு இல்ல, கவ்வாத்துக் கத்தி" என்று கங்காணி சொல்லித் திரிவார். அது அவள் காதுக்கும் வந்தது. கோபம் வரவில்லை. உள்ளூரச் சந்தோஷப்பட்டாள்.

வட்டகொடை ஸ்டேஷனிலிருந்து மூன்று மைல் மேலே ஏறினால் நரிப்பாறை. அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான பத்தாம் நம்பர் லயத்தில் பிறந்தவள், அதே லயத்தில் நாலு காம்பரா தள்ளி அழகுமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டாள். அது 1948. அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. அழகுமுத்து தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன். எவரோடும் சண்டைக்குப் போகாதவன். "யார்கிட்டயும் பகை வேணாம் புள்ள" என்பதைத் தவிர அவன் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் சொன்னதில்லை. அந்த ஒன்றையும் அவள் கேட்டதில்லை.

பகைகளில் பெரியது தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சர் இக்னேசியஸோடு ஏற்பட்டது. அழகுமுத்துவின் தங்கை பூரணி ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது காய்ச்சல் வந்து மருந்துக்காம்பராவுக்குப் போனாள். இக்னேசியஸ் ஒரு போத்தலில் வெள்ளை மருந்தை ஊற்றிக் கொடுத்தார். லீவுக்குத் துண்டு எழுதித் தர மறுத்துவிட்டார். "வேலைக் கள்ளத்துக்குக் காய்ச்சல் ஒரு சாக்கு" என்றார். மூன்றாம் நாள் பூரணி செடிகளுக்கு நடுவே விழுந்தாள். பிள்ளை கலைந்துபோனது.

சண்முகவடிவு கூடையை மலையிலேயே போட்டுவிட்டு இறங்கி வந்தாள். மருந்துக்காம்பரா வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், மேசைமேல் வரிசையாக இருந்த போத்தல்களை முழங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினாள்.

"மனுசனாய்யா நீ? நீயும் ஒரு லயத்துல பொறந்தவன்தானே? ஒங்காத்தா கொழுந்து கிள்ளித்தானே ஒன்னப் படிக்க வச்சா?"

அந்தக் கடைசிக் கேள்விதான் இக்னேசியஸைச் சுட்டது. அவர் பிறந்தது பட்டிப்பொல பக்கத்து லயம் ஒன்றில். சர்ச் பள்ளிக்கூடத்தில் படித்து, ஒரு பழைய டிஸ்பென்சரிடம் எடுபிடியாக இருந்து, வெள்ளைக் கால்சட்டைக்கும் கோட்டுக்கும் வந்து சேர்ந்தவர். ஆபீஸ் உத்தியோகத்தர்கள் அவரைத் தங்களோடு சரிசமமாக உட்காரவைத்ததில்லை. தாயைப் பற்றி அவர் எவரிடமும் பேசியதில்லை. அதைப் பத்துப் பேர் முன்னால் ஒருத்தி இழுத்துப் போட்டுவிட்டாள். அவர் தோட்டத்து நிர்வாகியான துரையிடம் போய் முறையிட, வடிவுக்கு ஒரு வாரம் வேலை நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு இருவரும் முகம் பார்த்துப் பேசியதில்லை.

அடுத்த வருடம், 1952 மழைக்காலத்தில், அவளுக்குக் கட்டி வந்தது.

கூடைக் கயிறு தலையிலிருந்து காதுக்குப் பின்னால் இறங்குகிற இடத்தில் ஏதோ உறுத்தியது. தடவிப் பார்த்தாள். இடது காது மடலுக்குக் கீழே, தாடை வளைகிற இடத்தில், சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. அழுத்தினால் விரலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. கயிற்றைக் கொஞ்சம் மேலே ஏற்றி விட்டுக்கொண்டு கொழுந்து கிள்ளினாள். அப்படியே ஒன்பது மாதம் போய்விட்டது. அழகுமுத்து நச்சரித்து நச்சரித்துத்தான் அவளை மருந்துக்காம்பராவுக்கு அனுப்பினான்.

இக்னேசியஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொட்டும் பார்க்கவில்லை.

"பொன்னுக்கு வீங்கி. ஒம்பது நாள்ல வத்திப் போகும்."

"ஒம்பது மாசமா இருக்குங்க."

"அப்ப ஒனக்கே எல்லாம் தெரியுதே! எங்கிட்ட எதுக்கு வந்த?"

ஒரு களிம்பு டப்பாவை மேசையில் தள்ளிவிட்டார். அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள்.

கட்டி அவசரப்படவில்லை. மூன்று வருடத்தில் நெல்லிக்காயாகி, பிறகு சின்ன எலுமிச்சை அளவுக்கு வந்தது. காது மடலைக் கீழிருந்து மேலே தூக்கிக் கொடுத்தது. தோடு வெளிப்பக்கமாகத் துருத்திக்கொண்டு நின்றது. இடையில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். லெட்சுமி என்று பேர் வைத்தார்கள். பால் குடிக்கும்போது குழந்தை அந்தக் கட்டியைப் பிடித்து விளையாடும். மற்றவர்கள் பார்க்காத மாதிரிப் பார்த்தார்கள். மூக்கன் கங்காணி மட்டும் நேராகவே கேட்டார்: "என்ன வடிவு, பேசாத பேச்செல்லாம் ஒரு பக்கமா சேத்து வச்சிருக்கியா?"

"ஒங்களப் பத்திப் பேச வேண்டியதுதான் சேந்து கெடக்கு கங்காணி. ஒரு நாளைக்கு மொத்தமா அவுத்து விடுறேன்."

1955 கடைசியில் அவளுக்குச் சளிக்காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. துண்டு இல்லாமல் நின்றால் பேர் வெட்டி விடுவார்கள் என்று அழகுமுத்து அவளைக் கைத்தாங்கலாக மருந்துக்காம்பராவுக்குக் கூட்டிப் போனான். இக்னேசியஸ் இந்தத் தடவை எழுந்து வந்தார். கட்டியை இரண்டு விரலால் பிடித்து அழுத்தினார்.

"உள்ள சீழ் புடிச்சிருக்கு. காய்ச்சல் அதனாலதான். கீறி விட்டா எல்லாம் சரியாப் போகும்."

"சீழ் இல்லங்க. மூணு வருசமா இருக்கு, ஒரு நாளு வலிச்சதில்ல. சீழா இருந்தா வலிக்காதா? கீற வேணாம்."

"கீறலன்னா துண்டு இல்ல. மலைக்குப் போ."

அவள் அழகுமுத்துவைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "ஒத்துக்க வடிவு. அவரு படிச்சவரு."

பெஞ்சில் படுக்க வைத்தார்கள். மரத்துப்போக எந்த மருந்தும் போடவில்லை. புருஷன்காரன்தான் தலையைப் பிடித்துக்கொண்டான். கத்தி இறங்கியபோது அவள் கத்தவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்த கையில் இரண்டு நகம் பிய்ந்தது. சீழ் வரவில்லை. இரத்தம் வந்தது. இரத்தத்தோடு வேகாத சவ்வரிசி மாதிரி, வழவழவென்று, சாம்பல் நிறத்தில் ஏதோ பிதுங்கி வந்தது. இக்னேசியஸின் கை நின்றுவிட்டது. அவர் முகத்தில் பயம் வந்து போனதை வடிவு கீழேயிருந்து பார்த்தாள். அப்போதாவது அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இரண்டு கட்டைவிரலாலும் சுற்றி அழுத்திப் பிதுக்கினார். பிறகு துணியைத் திணித்துக் கட்டுப் போட்டு, மூன்று நாள் துண்டு எழுதிக் கொடுத்தார்.

புண் ஆறியது. கட்டி போகவில்லை. தழும்பைச் சுற்றி, ஊசிமணி கோத்த மாதிரி, ஒன்று இரண்டு என்று சின்னச் சின்னக் கட்டிகள் கிளம்பின. அடுத்த வருடம் முடிவதற்குள் ஏழு எண்ணினாள். பழையதும் திரும்பப் பருத்தது. இப்போது வலியும் வந்தது. கூடைக் கயிறு பட்டால் கண்ணில் பொறி பறந்தது.

லயத்தில் கேட்கத் தொடங்கினார்கள்: கீறின இடத்தில் ஏன் இப்படிக் காய்த்துத் தொங்குகிறது? கேள்வி தன் பக்கம் திரும்புவதற்கு முன்னால் இக்னேசியஸ் ஒரு பதிலைப் பரப்பினார். "அது கண்டமாலை. காசநோய்ல ஒரு வகை. ஒட்டிக்கும். கிட்டப் போகாதீங்க."

அந்தச் சொல் ஒரே வாரத்தில் பத்து லயத்தையும் சுற்றி வந்தது. பீலிக்கரையில் அவள் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள். மலையில் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் அவளுக்கு மட்டும் சிரட்டையில் ஊற்றினார்கள். அவள் சிரட்டையைக் கங்காணியின் காலடியில் எறிந்தாள். பிள்ளைக்காம்பரா ஆயா, தாய்மார் வேலைக்குப் போகும் நேரத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள், லெட்சுமியை வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

"ஒம் புள்ளைய வச்சா மத்தவங்க புள்ளைய அனுப்ப மாட்டேங்கிறாங்க வடிவு. நா என்னத்தச் செய்ய?"

"நாளைக்கு ஒம் புள்ளைக்கு ஒண்ணு வந்தா எவ வீட்டு வாசல்ல போயி நிப்ப?" என்று வடிவு கேட்டாள். கேட்டதும் அவளுக்கே வாய் கசந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. குழந்தையைப் பூரணி எடுத்துக்கொண்டாள். பூரணி ஒருத்திதான் அந்த வருடம் முழுவதும் வடிவின் தட்டில் கைபோட்டுச் சாப்பிட்டவள். அழகுமுத்து பாயை எடுத்துக்கொண்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்குப் போய்விட்டான். குளிர் தாங்காமல் அங்கே இருமினான். அந்த இருமலுக்கும் அவள்தான் காரணம் என்றார்கள்.

1957 மாசி மாதம் கங்காணி வந்து சொன்னார், அவளை லயத்திலிருந்து எடுத்துப் பழைய உரச் சாமான் கிடக்கிற கொட்டிலுக்கு மாற்றச் சொல்லி டிஸ்பென்சர் துரையிடம் எழுதிக் கொடுத்துவிட்டாராம். அன்றைக்கு வடிவு ஒன்றும் பேசவில்லை. அதுவே கங்காணிக்குச் சங்கடமாக இருந்தது.

மறுநாள் காலை பேர் கூப்பிடுகிற பெரட்டுக்கு அவள் போகவில்லை. இருந்த ஒரே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, லெட்சுமியைப் புருஷன் கையில் கொடுத்தாள். "ஒங்க புள்ள. பாத்துக்குங்க. ஒட்டிக்கிறதா இருந்தா ஒட்டிக்கட்டும்." பூரணியைக் கூட்டிக்கொண்டு இறங்கியவள், மருந்துக்காம்பரா வாசலில் நின்றாள். இக்னேசியஸ் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"நா கீழ பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். நீங்க கீறி வச்சத அங்க காட்டப் போறேன்."

"துண்டு இல்லாமப் போனா திரும்பி வந்து வேலை கெடைக்காது."

"திரும்பி வருவேன். அத நெனச்சுப் பயப்படுங்க."

வட்டகொடையில் ரயில் ஏறி மலையை விட்டு இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் பேர் எழுதுகிற கிளார்க் தலையை நிமிர்த்தாமலே ஊரைக் கேட்டான். நரிப்பாறை என்றாள். "அது தோட்டம். ஊர் எது? இந்தியாவில எந்த இடம்?" என்றான். தானும் தன் அப்பாவும் பிறந்தது இங்கேதான் என்று அவள் சொன்னாள். அவன் தன் இஷ்டத்துக்கு எதையோ எழுதிக்கொண்டு சீட்டை நீட்டினான். ஒரு பணிப்பெண் "எஹாட்ட யன்ன" என்று சிங்களத்தில் அதட்டி, உட்கார்ந்திருந்த பெஞ்சிலிருந்து அவர்களை எழுப்பி மூலைக்கு விரட்டினாள். இரண்டு நாள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பூரணி அழுதாள். "அழுகாத. அழுதா நம்மள அனுப்பிப்புடுவாங்க" என்று வடிவு அவள் தொடையில் கிள்ளினாள்.

மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை டாக்டர் அவளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, எப்போதும் எவர்மீதாவது கோபமாக இருப்பவர் போன்ற முகம். தழும்பைக் கண்டதும் அந்தக் கோபத்துக்கு ஓர் இடம் கிடைத்தது.

"எந்த மடையன் இதிலை கத்தி வைச்சவன்?"

"எங்க தோட்டத்து டிஸ்பென்சருங்க. சீழுன்னு சொன்னாரு. நா வேணாமுன்னு சொன்னேன்."

"நீ சொன்னது சரி. அவனுக்கு இருந்த மூளை அவ்வளவுதான்."

நாலு வருடமாக ஒருவர் வாயிலிருந்தும் வராத சொல் அது.  சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல் அவரை முறைத்தாள்.

டாக்டர் ஒரு விரலை வாய்க்குள் விட்டுக் கன்னத்தின் உட்புறத்தைத் தடவினார்; வெளியே மற்றக் கையால் கட்டிகளை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தார். கழுத்து முழுவதும் நெரிகட்டி இருக்கிறதா என்று தேடினார். பிறகு சொன்னார்: "கண்ணை இறுக்கிப் பூட்டு. நெத்தியைச் சுருக்கு. பல்லைக் காட்டு. விசில் அடி."

"வெளையாடுறீங்களா?"

"விளையாட எனக்கு நேரமில்லை. செய்."

செய்தாள். எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல அசைந்தன. அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு நிம்மதி தெரிந்தது. நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தார்.

"கேள். இது கசம் இல்லை, சீழும் இல்லை. காதுக்கு முன்னாலை எச்சில் சுரக்கிற ஒரு சுரப்பி இருக்கு. அதிலை வளர்ந்த கட்டி. முதல்லை இது ஒரு தோலுக்குள்ளை அடங்கி இருந்தது. அப்பவே முழுசா எடுத்திருந்தால் முடிஞ்சுபோயிருக்கும். அந்தாள் தோலைக் கீறிப் பிதுக்கினபடியால் உள்ளே இருந்தது விதை சிந்தின மாதிரிச் சுத்திவரச் சிந்திப்போச்சு. ஒவ்வொரு விதையும் முளைக்குது. விட்டால் இன்னும் முளைக்கும். சில பேருக்குக் கனகாலத்துக்குப் பிறகு புற்றுநோயாவும் மாறும்."

"எடுத்துப்புடுங்க."

"சொல்லி முடிக்க விடு. முகத்தை அசைக்கிற நரம்பு இந்தச் சுரப்பிக்குள்ளாலைதான் போகுது. அடி மரம் ஒண்டு, கிளை அஞ்சு. கண்ணைப் பூட்டிறது ஒரு கிளை, வாயை இழுக்கிறது ஒரு கிளை. முழுக் கட்டியா இருந்தால் நரம்பை விலத்தி எடுக்கலாம். இப்ப எந்த விதை எந்தக் கிளையிலை ஒட்டியிருக்கு எண்டு வெட்டித் திறந்தால்தான் தெரியும். ஒட்டியிருந்தால் அந்தக் கிளையையும் வெட்டவேணும். முகம் கோணும்."

"கண்ண மட்டும் விட்டுருங்க. கொழுந்து பாக்கணும்."

புருஷன் கையெழுத்து வேண்டும் என்று தாதி தாளை நீட்டியபோது அவள் மறுத்தாள். "போன தடவ அவரு கேட்டுத்தான் கீறுனாங்க. இது எங் கன்னம். நா ரேகை வக்கிறேன்." தாதி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர், "மையைக் குடு" என்றார்.

காலையில் மயக்க மருந்து கொடுத்தார்கள். பூரணி வெளியே வெறும் வயிற்றோடு இருந்தாள். காதுக்கு முன்னால் தொடங்கி, மடலைச் சுற்றி, கழுத்து மடிப்பு வரை வெட்டி, பழைய தழும்பையும் சேர்த்து எடுத்தார்களாம். நரம்பின் அடி மரத்தை முதலில் தேடிப் பிடித்து, அதிலிருந்து ஒவ்வொரு கிளையாகப் பின்தொடர்ந்து போனாராம் டாக்டர். மதியம் திரும்பித்தான் கதவு திறந்தது. நாலு கிளை தப்பியது. கீழ் உதட்டுக்குப் போகிற ஐந்தாவது கிளையில் மூன்று விதை ஒட்டிக்கொண்டு இருந்தது. அதை வெட்டிவிட்டார்.

விழித்தபோது தலையைச் சுற்றிக் கட்டு, கழுத்தில் ஒரு ரப்பர்க் குழாய். இடது பக்கம் முழுவதும் தன்னுடையதாக இல்லை. கண்ணும் மூடவில்லை. "நீ விடச் சொன்ன கண்ணை நான் வெட்டேல்லை. இழுபட்ட நரம்பு. வரும், பொறு" என்றார் டாக்டர். தூங்கும்போது இமையை இழுத்து ஒட்டி வைத்தார்கள். ஆறு வாரத்தில் கண் மெல்ல மெல்ல மூடியது. வாய் மட்டும் திரும்பவில்லை. பேசினால் உதடு வலது பக்கமாக ஒதுங்கிக் கோணியது. சோறு தின்றால் தையல் ஓரமாக எச்சில் கசிந்தது. அதுவும் ஒரு மாதத்தில் நின்றது. வெட்டியெடுத்த துண்டைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்து, புற்றுநோய் இல்லை என்று பதில் வந்தது.

புறப்படும்போது டாக்டர் இரண்டு பக்கத்துக்கு இங்கிலீசில் கடிதம் எழுதினார். "இதை உங்கடை டிஸ்பென்சரிட்டைக் குடு. வருசம் ஒருக்கா இங்கை வந்து காட்டு. ஒரு விதை மிஞ்சி இருந்தாலும் திரும்ப வரும்."

"என்ன எழுதியிருக்கீங்கன்னு தமிழ்ல சொல்லுங்க. அப்பத்தான் கொண்டுபோவேன்."

அவர் எரிச்சலோடு பார்த்தார். ஆனால் வரி வரியாகச் சொன்னார். அவள் திரும்பத் திரும்பச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டாள்.

லயத்துக்கு வந்தபோது அழகுமுத்து ஒரு தடவை அவளைப் பார்த்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"திரும்புங்க. நல்லாப் பாருங்க. இனி தெனமும் பாக்க வேண்டிய மூஞ்சி இதுதான்."

அவன் திரும்பினான். அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு இரக்கம் வரவில்லை. கஞ்சி வைத்துக் கொடுத்தான்; குடித்தாள். லெட்சுமி புதுத் தழும்பைத் தடவிப் பார்த்து, பழைய விளையாட்டுச் சாமான் எங்கே என்று தேடினாள்.

மறுநாள் காலைப் பெரட்டு. அத்தனை பேரும் நிற்கிற களத்தில், யார் யார் எந்த மலைக்கு என்று கணக்குப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நோயாளிகளைப் பிரிக்க இக்னேசியஸும் வந்திருந்தார். மூக்கன் கங்காணி அவளைக் கண்டதும் சத்தமாகச் சொன்னார்: "சண்முகவடிவுன்னு பேரு வச்சாங்க. ஆறு முகத்துல ஒண்ணு கோணிப்போச்சே!"

சிலர் சிரித்தார்கள். அவள் அவர்களைத் திரும்பிப் பார்க்காமல் நேரே போய்க் கடிதத்தை இக்னேசியஸிடம் நீட்டினாள். "சத்தமாப் படிங்க."

அவர் மனதுக்குள் படித்தார். முகம் வெளுத்தது. மடித்து வைத்துக்கொண்டு சொன்னார்: "கட்டிய எடுத்தாச்சாம். லேசான வேலை குடுக்கலாம்னு எழுதியிருக்காரு."

"அம்புட்டுத்தானா? ரெண்டு பக்கம் எழுதுனாரே?"

"அதெல்லாம் வைத்திய பாசை. ஒனக்கு வெளங்காது."

அவள் கை நீட்டிக் கடிதத்தை அவர் விரல்களிலிருந்து உருவினாள். களத்து ஓரமாக, பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த றோசலின் டீச்சர் கூட்டத்தைக் கண்டு நின்றிருந்தாள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான் டீச்சர். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் இக்னேசியஸ் குடும்பத்தோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூசை கேட்பவள். வடிவு அவளிடம் போனாள்.

"டீச்சர், நீங்க பொய் சொல்ல மாட்டீங்க. படிச்சுச் சொல்லுங்க. நீங்க மாத்திச் சொன்னா எனக்குத் தெரியும். நா மனப்பாடமா வச்சிருக்கேன்."

றோசலின் இக்னேசியஸைப் பார்த்தாள். அவர் லேசாகத் தலையசைத்தார், வேண்டாம் என்று. டீச்சர் தாளை வாங்கி விரித்தாள். பிறகு படித்தாள். ஒரு வரி இங்கிலீசில், ஒரு வரி தமிழில்.

இந்த நோய் காசம் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. இது எச்சில் சுரப்பியில் வந்த கட்டி. தகுதியில்லாத ஒருவர் கத்தி வைத்துக் கீறிப் பிதுக்கியதால் பரவியிருக்கிறது. அதனால்தான் நரம்பை வெட்ட நேர்ந்தது. முதலிலேயே அனுப்பியிருந்தால் இந்தப் பெண்ணின் முகத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

பிள்ளைக்காம்பரா ஆயா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இக்னேசியஸ் கோட்டுப் பொத்தானைப் பிடித்துத் திருகிக்கொண்டே நின்றார். வடிவு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள், வாய் கோணக் கோண: "ஒட்டாதாம். கேட்டுச்சா? செரட்டைய எடுத்துட்டு வாங்க, இப்பக் குடிப்போம்."

"சரி சரி, நேரமாச்சு, மலைக்கு ஏறுங்க" என்றார் கங்காணி.

அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. துரை விசாரித்தார் என்றார்கள். இக்னேசியஸ் வேலையில்தான் இருந்தார். வடிவைக் கொட்டிலுக்கு மாற்றுகிற பேச்சு நின்றது, அவ்வளவுதான். ஆனால் காய்ச்சல் என்றால்கூடத் தலவாக்கலைக்கு பஸ் ஏறிப் போகிறவர்கள் கூடிவிட்டார்கள். மருந்துக்காம்பரா வாசல் வெறிச்சோடியது. றோசலினை இக்னேசியஸின் மனைவி பூசைப் பெஞ்சிலிருந்து எழுப்பிவிட்டாள். டீச்சர் அதற்குப் பிறகு பின்வரிசையில் தனியாக உட்கார்ந்தாள். இரண்டு வருடம் கழித்து இக்னேசியஸ் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனபோது மாலை போட்டு வழியனுப்பினார்கள். வடிவு அன்றைக்கு மலையிலிருந்து இறங்கவில்லை.

லயத்துப் பெண்கள் ஒருத்தி ஒருத்தியாகத் திரும்பி வந்தார்கள். கல்யாணத்துக்கு வெற்றிலை வைத்து அழைத்தார்கள். அவள் போவாள், மொய் எழுதுவாள், சாப்பிடாமல் வந்துவிடுவாள். பந்தியில் உட்காராததற்கு வேறு காரணமும் இருந்தது. கட்டியை வெட்டிய அடுத்த வருடத்திலிருந்து, வாயில் சோறு வைத்தால் இடது கன்னத்தில் வியர்வை பூத்தது. வெட்டுப்பட்ட எச்சில் நரம்பு தடம் மாறித் தோலுக்குள் முளைத்தால் அப்படித்தான் ஆகும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். புளிப்பென்றால் சொட்டுச் சொட்டாக வழியும். தேத்தண்ணி உதட்டோரமாக ஒழுகும். காது மடலில் உணர்ச்சி இல்லை. ஒரு தடவை தோடு கழன்று தேயிலைக்குள் விழுந்ததே தெரியாமல் வீட்டுக்கு வந்து, பூரணி சொல்லித்தான் தெரிந்தது. அழகுமுத்து பாயை உள்ளே கொண்டுவந்துவிட்டான். ஒரு கூரைக்குக் கீழே இருந்தார்கள். அதற்கு மேல் கேட்டால் அவள் பதில் சொல்ல மாட்டாள்.

1962இல் தலவாக்கலை பஸ் நிலையத்தில் இக்னேசியஸைக் கண்டாள். வேலையை விட்டுவிட்டார். கோட்டு தோளில் தொளதொளத்தது. அவர்தான் எழுந்து வந்தார்.

"வடிவு, சொகமா இருக்கியா?"

"நா அன்னிக்குக் கீற வேணாமுன்னு சொன்னது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "கேட்டுச்சு" என்றார். "சவ்வரிசி மாதிரி வந்தப்பவே தப்புன்னு தெரிஞ்சுபோச்சு. ஒத்துக்கிட்டா வேலை போயிரும்னு பயம். நீ என்னைய மன்னிக்கணும்."

"முடியாதுங்க" என்றாள். சத்தம் போடவில்லை, திட்டவும் இல்லை. ஹட்டன் பஸ் வந்தது, ஏறிக்கொண்டாள்.

வருடா வருடம் பெரியாஸ்பத்திரிக்குப் போவதை அவள் விடவில்லை. புது டிஸ்பென்சர் கேட்டதும் துண்டு எழுதிக் கொடுப்பார். எட்டாம் வருடம், 1965இல், மீசை நரைத்த டாக்டர் அங்கே இல்லை. பென்சன் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாராம். இளம் டாக்டர் ஒருவர் கழுத்தையும் கன்னத்தையும் நன்றாகத் தடவிப் பார்த்து, ஒன்றும் திரும்ப வரவில்லை என்றார். சுற்றி ஏழெட்டு மாணவர்கள் நின்றார்கள். கண்ணை மூடச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார். பிறகு எலுமிச்சையில் ஒரு துண்டு, புளிக்கிற தேசிக்காய்த் துண்டு, கொடுத்துச் சப்பச் சொன்னார். கன்னத்தில் வியர்வை வழிய, மாணவர்கள் நெருங்கி வந்து குனிந்து பார்த்தார்கள். ஒருவன் சிரித்தான்.

அவள் தேசிக்காயைக் கையில் துப்பினாள். "ஒம் பேரு என்னய்யா?"

சிரித்தவன் திகைத்துப் பேரைச் சொன்னான்.

"நல்லாப் படி" என்றாள். ஊசிமுனை மாதிரியான குரல். "கத்தியக் கையில எடுக்கிறதுக்கு முந்தி நல்லாப் படி."

சேலைத் தலைப்பால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, சீட்டைக் கேட்டு வாங்கி, மத்தியான ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்தாள்.